கத்தரிக்காய்ப் புழு: பூச்சி பிடிபட்டது, தீர்வு பிடிபடவில்லை

புதுதில்லி: முருங்கைக்காய்க்கும் மீனுக்கும் தில்லித் தமிழர்கள் நாடிச் செல்லும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்காமல் எடுப்போர் குறைவு. தோலில் துளை தென்பட்டால் காய் ஒதுக்கப்படும். துளைத்தது, இறக்கையை விரித்தாலும் சுமார் 2 செ.மீ. அகலமே உள்ள வெண்ணிற அந்துப்பூச்சி ஒன்றின் புழு.

'லூசினோடஸ் ஆர்போனாலிஸ்' என்று 1854-ல் அதற்குப் பெயர் சூட்டியவர், பிரான்ஸ் நாட்டு வழக்கறிஞரும் பூச்சியியல் ஆய்வாளருமான அஷில் கெனே. வேளாண் துறையினர் குருத்து மற்றும் காய்த்துளைப்பான் என்பர்.

இலையின் அடிப்புறத்திலும் மொட்டிலும் இடப்படும் முட்டையிலிருந்து வெளிவரும் புழு, விரைவிலேயே குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்து, நுழைந்த வழியைத் தன் கழிவால் அடைத்துக் கொள்கிறது. பிறகு தெளிக்கும் மருந்து அதை எட்டுவதில்லை. ஆயினும் விவசாயி மீண்டும் மீண்டும் தெளிக்கிறார். கண்ணில் படும் பெரிய துளை, புழு வெளியேறிய வழி. எனவே துளையில்லாக் காய்க்குள்ளும் புழு இருக்கலாம்!

ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பா சென்ற காய்களில் பிடிபட்ட புழுக்களும் இதே இனமாகவே நெடுங்காலம் கருதப்பட்டன. இறக்கைக் குறிகள், உடலமைப்பு, மரபணு ஆகியவற்றை ஒப்பிட்டு 2015-ல் வெளியான ஆய்வு அதைத் தகர்த்தது. ஆராயப்பட்ட ஆப்பிரிக்க மாதிரிகளில் ஒன்றுகூட ஆசிய இனமல்ல. அங்கிருப்பவை 8 தனி இனங்கள். அவற்றில் 7 அறிவியலுக்கே புதியவை.

இந்தியாவில் இப்பூச்சி அரசியலாகவும் ஆனது. மண் பாக்டீரியா ஒன்றின் மரபணு சேர்க்கப்பட்ட பி.டி. கத்தரிச் செடியைத் தின்னும் புழு மடியும். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இத்தகைய ரகங்களை உருவாக்கியது. 2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அனுமதி அளித்தது. ஏழு நகரங்களில் கருத்துக் கேட்ட சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், பாதுகாப்பு ஐயமற நிறுவப்படவில்லை எனக் கூறி, 2010 பிப்ரவரி 9-ல் அதை நிறுத்தி வைத்தார். வாசுதேவ் ஆச்சார்யா தலைமையிலான வேளாண் துறை நாடாளுமன்ற நிலைக்குழு, அனுமதி வழங்கிய விதத்தையே விசாரிக்க வேண்டும் என்று 2012 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. காய்கறி ஒன்று இவ்வளவு தூரம் போனது அபூர்வம்தான்.

வங்கதேசம் 2013-ல் அனுமதித்துவிட்டது. இங்கு தடை விலகவில்லை. வாடிய குருத்தைக் கிள்ளி அழிப்பதும், பெண் பூச்சியின் வாசனையை வைத்து ஆண் பூச்சியைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும், மருந்துத் தெளிப்பும்தான் விவசாயியின் கையில் இருக்கின்றன.