டிராக்டருக்கு எத்தனை எச்.பி.?

இந்தியாவில் டிராக்டர்களை எச்.பி. எனப்படும் குதிரைத்திறனைக் கொண்டே வகைப்படுத்துகிறார்கள். 20 எச்.பி.க்கு உட்பட்டவை மினி டிராக்டர்கள். தோப்பிலும் தோட்டத்திலும் வரிசைகளுக்கிடையே புகுந்து உழ ஏற்றவை. அதிகம் விற்பவை 41 முதல் 50 எச்.பி. வரையிலானவை. மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர், டிரெய்லர் இரண்டையும் தாங்கும் என்பதால் வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கும் இவையே தோது. ஆனால் எச்.பி. எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. விளம்பரத்தில் வருவது எஞ்சினின் திறன். ரோட்டவேட்டரைச் சுழற்றுவதோ, இணைத்த கருவிகளை இயக்கும் பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும் திறன். அது எப்போதும் சற்றுக் குறைவு. வாங்கும்போது கேட்க வேண்டியது அதைத்தான். சேற்றில் நான்கு சக்கர இயக்கம் கைகொடுக்கும்.

டிராக்டரைப் போலன்றி, புல்வெட்டும் இயந்திரங்களை முதலில் பிரிப்பது எச்.பி. அல்ல, வெட்டும் முறை. 1830இல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் உருவாக்கிய உருளைக் கத்தி வகை, கத்தரிக்கோல் போல நறுக்கும். கிரிக்கெட் மைதானத்துக்கு இன்றும் அதுவே. வீட்டுப் புல்வெளிக்குக் கிடையாகச் சுழலும் கத்தி போதும். ஏக்கர் கணக்கில் புல் இருந்தால்தான் உட்கார்ந்து ஓட்டும் வகை தேவைப்படும்.