பவுத்திரம் ஆபரேஷனுக்குப் பிறகு... புண் ஏன் மெதுவாக ஆறுகிறது?



"ஆபரேஷன் பண்ணி இருபது நாள் ஆச்சுக்கா. தையலே போடல. புண்ணை அப்படியே திறந்து விட்டுட்டாங்க. இன்னும் நீர் வடியுது. டாக்டர் ஏதோ தப்பு பண்ணிட்டாரோன்னு பயமா இருக்கு."

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஓர் உறுப்பினர் தன் குழு ஊக்குநரின் காதோடு சொன்னது இது. அதற்கு முன் இரண்டு வாரக் கூட்டங்களுக்கு அவர் வரவில்லை. கேட்டால் "உடம்பு சரியில்லை" என்பதோடு நிறுத்திக் கொண்டார். நோய் வந்த இடம் அப்படி. வெட்கம் வாயை அடைத்து விட்டது.

அவருக்குச் சொன்ன பதில் நம் எல்லோருக்கும் பயன்படும். டாக்டர் தப்பு செய்யவில்லை. அந்தப் புண்ணைத் திறந்துதான் வைக்க வேண்டும்.

பவுத்திரம் என்றால் என்ன?

ஆசனவாயின் உள்சுவரில் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. அதில் ஒன்று அடைபட்டுக் கிருமி சேர்ந்தால் சீழ்க்கட்டி வரும். கட்டி உடைந்த பிறகும் சிலருக்கு உள்ளிருந்து வெளித்தோல் வரை எலி வளை போல ஒரு பாதை நின்று விடும். அதுதான் பவுத்திரம். மூலம் வேறு, இது வேறு. களிம்பு தடவி இந்தப் பாதையை மூட முடியாது. "ஒரே ஊசியில் மூலம், பவுத்திரம் குணம்" என்று சுவரில் எழுதியிருப்பதை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள்.

ஏன் தையல் போடவில்லை?

தோட்டத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. மேலே பலகை போட்டு மூடினால் என்ன ஆகும்? உள்ளே தண்ணீர் தேங்கி நாறும். அடியிலிருந்து மண் போட்டு நிரப்பினால்தான் உறுதியாகும். பவுத்திரப் புண்ணும் அப்படித்தான். அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும். மேல்தோல் முந்திக் கொண்டு மூடினால் உள்ளே சீழ் கட்டி, பழையபடி கட்டி வந்து விடும்.

அதனால் சாதாரணப் பவுத்திரத்துக்கே 6 முதல் 12 வாரம் வரை ஆகலாம். ஆழமாகவோ கிளை பிரிந்தோ இருந்தால் இன்னும் நாள் ஆகும். அதுவரை லேசான மஞ்சள் நீரும், மலம் போகும்போது துளி ரத்தமும் வருவது வழக்கம்தான். புண் சிவப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது புதுச் சதை.

சிலருக்குப் பாதைக்குள் நூல் கோத்து விடுவார்கள். அதை நீங்களாக இழுக்கவோ அறுக்கவோ கூடாது. சித்தா, ஆயுர்வேத மருத்துவர்கள் செய்யும் கார நூல் சிகிச்சையும் முறையான சிகிச்சைதான். 1991-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், கார நூலில் புண் ஆற நாள் கூடுதலாக ஆனது. ஆனால் நோய் திரும்ப வருவது குறைவாக இருந்தது. படித்த, பதிவு பெற்ற மருத்துவரிடம் மட்டும் செய்து கொள்ளுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* அகலமான பேசினில் கை பொறுக்கும் வெந்நீர் ஊற்றி, 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். தினம் இரண்டு மூன்று முறையும், மலம் கழித்த பிறகும் செய்யலாம். வலி குறையும், புண்ணும் சுத்தமாகும். வெறும் தண்ணீரே போதும். டெட்டால் ஊற்ற வேண்டாம், எரியும். அந்தப் பேசினை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

* சுத்தமான மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். நீர் வடிந்தால் நாப்கின் வைத்து, ஈரமானதும் மாற்றுங்கள்.

* மஞ்சள் பொடி, சுண்ணாம்பு, பச்சிலை எதையும் புண்ணில் வைக்காதீர்கள்.

* மலம் இறுகக் கூடாது. கீரை, வாழைத்தண்டு, கொய்யா, கேழ்வரகு, கம்பு சாப்பிடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். டாக்டர் இசப்கோல் சொல்லியிருந்தால் நிறையத் தண்ணீரோடு சாப்பிடுங்கள். சதை வளரப் பயறு, முட்டை, மீன் தேவை. "பத்தியம்" என்று வெறும் கஞ்சியோடு கிடந்தால் புண் ஆறாது.

* "இருட்டட்டும், அப்புறம் போகலாம்" என்று மலத்தை அடக்காதீர்கள். முக்கவும் வேண்டாம்.

* சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வையுங்கள். புகையிலையை விடுங்கள். இரண்டும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

* மெதுவாக நடக்கலாம். தண்ணீர்க் குடம், விறகுக்கட்டு, சைக்கிள், நடவு வேலை எல்லாம் டாக்டர் சொன்ன பிறகுதான்.

* டாக்டர் சொன்ன தேதியில் கட்டாயம் போய்க் காட்டுங்கள். அடியிலிருந்து சதை வளர்கிறதா என்று அவர்தான் பார்க்க முடியும். "வலி இல்லையே, பஸ் செலவு எதுக்கு" என்று நின்று விடாதீர்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

காய்ச்சல், குளிர் நடுக்கம், நாளுக்கு நாள் கூடும் வலி, புது வீக்கம், நாற்றமடிக்கும் சீழ், நிற்காத ரத்தம், சிறுநீர் கழிக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். மலமோ காற்றோ அடக்க முடியாமல் போனாலும், பெண்ணுறுப்பு வழியாக வந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

மாதக் கணக்கில் புண் ஆறவில்லை அல்லது திரும்பத் திரும்ப வருகிறது என்றால், காசநோய் இருக்கிறதா என்று பரிசோதிக்கக் கேளுங்கள். காசநோய்க் கிருமி ஆசனவாயிலும் பவுத்திரத்தை உண்டாக்கும். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

குழு என்ன செய்யலாம்?

இரண்டு மூன்று மாதம் கூலி வேலைக்குப் போக முடியாத பெண்ணுக்குப் புண்ணை விடக் கவலைதான் பெரிது. அந்தக் கவலையில் பத்தாம் நாளே களையெடுக்கப் போய் விடுகிறார்கள். புண் ஆறாமல் மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி செலவு. ஆகவே குழுவில் அவருக்கு அவசரக் கடன் தரலாமா, தவணையைத் தள்ளி வைக்கலாமா என்று பேசித் தீர்மானம் போடுங்கள். முறை வைத்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டு போய்க் கொடுங்கள். கூட்டத்தில் அவர் நின்று கொண்டிருந்தால் "உட்காரு, உட்காரு" என்று வற்புறுத்தாதீர்கள்.

நாம் முதலில் சொன்ன சகோதரி அடுத்த வாரமே டாக்டரிடம் போய்க் காட்டினார். "நல்லா ஆறிக்கிட்டு வருதும்மா, அவசரப்படாதே" என்றாராம். இப்போது கூட்டத்துக்கு வருகிறார். வெட்கப்படுகிற இன்னொரு பெண் உங்கள் குழுவிலும் இருக்கலாம். அவரிடம் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.