காற்றை அளக்கும் கடிகாரத்தின் நடுக்கம்

சீராக வரவேண்டிய அலை ஒன்று, தன் நேரத்துக்குச் சற்று முந்தியோ பிந்தியோ வருவதற்கு ஜிட்டர் என்று பெயர். தமிழில் நேர நடுக்கம் எனலாம். செல்பேசி, கணினி, ரேடார் எனப் பல மின்னணுக் கருவிகளுக்கும் தாளம் போட்டுக் கொடுப்பது அலையியற்றி என்னும் சுற்று. அந்தத் தாளம் தடுமாறினால் கருவி தரும் முடிவும் தடுமாறும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு காதங்கியில் உள்ள ரேடார். சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது காதங்கி. மலைகள் சூழ்ந்த இந்தச் சிற்றூரில்தான் விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் இயங்குகிறது. தேசிய எம்.எஸ்.டி. (மீசோஸ்பியர், ஸ்ட்ராடோஸ்பியர், ட்ரோபோஸ்பியர்) ரேடார் நிலையமாகத் தொடங்கிய இது, 2005-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. சமீர் நிறுவனம் உருவாக்கிக் கொடுத்த இதன் ரேடார், 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வானை நோக்கி அலைகளை அனுப்புகிறது. பக்கத்துக்கு ஏறத்தாழ 130 மீட்டர் கொண்ட சதுர நிலத்தில் 1024 யாகி ஆன்டெனாக்கள் வரிசையாக நிற்கின்றன. தொடக்கத்தில் 32 டிரான்ஸ்மிட்டர்கள் சேர்ந்து 2.5 மெகாவாட் உச்சத் திறனைத் தந்தன. பின்னர் ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் தனித்தனியே ஒரு கிலோவாட் திண்மநிலைத் தொகுதி என அமைப்பு மாற்றப்பட்டது.

இந்த ரேடார் தேடுவது விமானத்தை அல்ல, காற்றை. வளிமண்டலக் கொந்தளிப்பிலிருந்து சிதறித் திரும்பும் மிக மெல்லிய எதிரொலியின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்துக் காற்றின் வேகத்தைச் சொல்கிறது. 53 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 5.66 மீட்டர். ரேடாரை நோக்கி விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் காற்று, அதிர்வெண்ணை 0.35 ஹெர்ட்ஸ் மட்டுமே மாற்றும். விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் மேலெழும் காற்று உண்டாக்கும் மாற்றம் வெறும் 0.035 ஹெர்ட்ஸ். 5 கோடியே 30 லட்சம் துடிப்புகளுக்கு நடுவே ஒரு துடிப்பின் முப்பதில் ஒரு பங்கைக் கண்டுபிடிக்கும் வேலை இது.

அனுப்பிய அலையையும் திரும்பி வந்த அலையையும் ஒரே அலையியற்றியோடு ஒப்பிடுவது இத்தகைய ரேடார்களின் வழக்கம். 15 கிலோமீட்டர் உயரம் போய்த் திரும்ப 100 மைக்ரோவிநாடி போதும். அதற்குள் அலையியற்றியில் ஏற்படும் மெதுவான நகர்வு அற்பமானது; ஒப்பீட்டில் அது கழிந்துவிடும். கழியாமல் நிற்பது வேகமான நடுக்கம்தான். சுற்றியுள்ள மலைகளில் பட்டு வரும் எதிரொலி அசைவற்றது, ஆனால் வலுவானது. நடுக்கம் மிகுந்தால் அந்த வலுவான எதிரொலி பக்கத்து அதிர்வெண்களிலும் கசிந்து பரவும். மெல்லிய காற்றின் குறி அதற்குள் மூழ்கிப் போகும்.

பூட்டு வளையம் செய்யும் வேலை

நடுக்கத்தை அடக்கப் பயன்படுவது ஃபேஸ் லாக்டு லூப் என்னும் கட்டப் பூட்டு வளையம், சுருக்கமாக பி.எல்.எல். கட்டம் என்பது அலை தன் சுழற்சியில் நிற்கும் இடம். பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி தெ பெலிசிஸ் 1932-இல் வானொலி ஏற்பிக்காக இந்தக் கருத்தை வெளியிட்டார். இதில் இரண்டு அலையியற்றிகள் உண்டு. ஒன்று குவார்ட்ஸ் படிகம். அதிர்வெண் குறைவு, நிதானம் அதிகம். மற்றொன்று மின்னழுத்தத்தால் கட்டுப்படுத்தப்படும் அலையியற்றி. வேகமானது, ஆனால் எளிதில் அலையக்கூடியது. வேகமானதன் துடிப்புகளை வகுத்து, படிகத்தின் துடிப்போடு ஒப்பிடுகிறது கட்ட ஒப்பீட்டுச் சுற்று. இரண்டும் விலகினால் பிழை மின்னழுத்தம் பிறக்கிறது. அது வடிகட்டி வழியாகச் சென்று வேகத்தைத் திருத்துகிறது.

கச்சேரி மேடையில் இதைக் காணலாம். பாடகர் கையில் போடும் தாளம் படிகம். ஒரு தட்டுக்குள் பல சொற்களை அடுக்கும் மிருதங்கம் வேகமான அலையியற்றி. மிருதங்கக்காரர் தாளக் கையைப் பார்த்துத் தன் காலப்பிரமாணத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கிறார். கையின் ஒவ்வொரு சிறு தடுமாற்றத்துக்கும் வளைந்து கொடுத்தால் அந்தத் தடுமாற்றம் வாசிப்பிலும் ஏறிவிடும். ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை மட்டுமே பார்த்தால் அவருடைய சொந்த விலகல் திருத்தப்படாமல் போகும்.

பி.எல்.எல்.-இன் வளைய அகலம் என்பது இந்தப் பார்வையின் வேகமே. அகலத்துக்கு உட்பட்ட மெதுவான நடுக்கம் படிகத்திலிருந்தும் ஒப்பீட்டுச் சுற்றிலிருந்தும் வருகிறது. அதற்கு அப்பாற்பட்ட வேகமான நடுக்கம் வேகமான அலையியற்றியுடையது. இரண்டின் இரைச்சலும் சமமாகும் இடத்தை ஒட்டி அகலத்தை வைத்தால் மொத்த நடுக்கம் மிகக் குறையும்.

வெயிலும் மின்சாரமும்

இரண்டு இரைச்சலும் சமமாகும் அந்த இடத்தில் வளைய அகலம் நிலையாக நிற்பதில்லை. திருப்பதி வட்டாரத்தில் கோடை வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; மார்கழி இரவில் 20-க்கும் கீழே இறங்கும். வெப்பம் மாறும்போது மின்தடையின் மதிப்பும், டிரான்சிஸ்டர்களின் மின்னோட்டமும், அலையியற்றி மின்னழுத்தத்துக்கு இணங்கும் அளவும் மாறுகின்றன. இவை அனைத்தும் சேர்ந்து வளைய அகலத்தை நகர்த்திவிடும். நகர்வு மிகுந்தால் வளையமே ஊசலாடி, குறிப்பிட்ட அதிர்வெண்களில் நடுக்கத்தைப் பெருக்கும்.

மின்வழங்கி அடுத்த எதிரி. ஒரு வோல்ட்டுக்கு 10 மெகாஹெர்ட்ஸ் மாறும் அலையியற்றி ஒன்றின் கட்டுப்பாட்டுக் கம்பியில் ஒரு மைக்ரோவோல்ட் இரைச்சல் ஏறினால், அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ் அலையும். காற்று உண்டாக்கும் 0.035 ஹெர்ட்ஸ் மாற்றத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிது என்பது விளங்கும். மெதுவான அலைவை வளையம் திருத்திவிடும், வேகமானதைத் திருத்தாது.

தீர்வுகள்

முதல் தீர்வு படிகத்தைக் காப்பது. சிறு அடுப்புப் பெட்டிக்குள் படிகத்தை வைத்து, வெளி வெப்பத்தைவிட உயர்ந்த ஒரே வெப்பநிலையில் காத்தால் பருவ மாற்றம் அதைத் தொடாது. இரண்டாவது, வேகமான அலையியற்றிக்குத் தனி மின்னழுத்தச் சீராக்கி. மூன்றாவது, அந்த அலையியற்றியின் உணர்திறனைக் குறைப்பது. பல சிறு மின்தேக்கிகளை வரிசையாக வைத்து, தேவையானவற்றை இணைத்து அதிர்வெண்ணை ஓரளவு சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், கட்டுப்பாட்டுக் கம்பிக்கு மிஞ்சுவது நுண்ணிய திருத்தம் மட்டுமே. வோல்ட்டுக்கு 10 மெகாஹெர்ட்ஸ் என்பது ஒன்றாகக் குறைந்தால், அதே இரைச்சலின் விளைவும் பத்தில் ஒன்றாகும். நான்காவது, நிலைமை மாற மாற வளையமே தன்னைச் சரிசெய்துகொள்வது. அலையியற்றியின் மின்னோட்டத்தையே அளவுகோலாக வைத்து வளையத்தின் மற்ற மின்னோட்டங்களையும் நிர்ணயிக்கும் முறையை ஜான் மனியாட்டிஸ் 1996-இல் வெளியிட்டார். வெப்பத்தால் ஒன்று மாறினால் மற்றவையும் அதே விகிதத்தில் மாறுவதால் சமநிலை கலைவதில்லை.

இவற்றுக்குப் பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 1024 ஆன்டெனாக்களுக்கும் செல்லும் அலைகள் திட்டமிட்ட கட்டத்தில் போய்ச் சேர வேண்டும். 53 மெகாஹெர்ட்ஸில் ஒரு நானோவிநாடிப் பிழை என்பது 19 டிகிரி கட்டப் பிழை. அத்தகைய பிழைகள் கூடினால் ரேடாரின் கற்றை விரியும், திசையும் விலகும். ஆகவே கேபிள்களின் நீளத்தையும் தொகுதிகளின் தாமதத்தையும் அளந்து ஈடுசெய்தாக வேண்டும்.

குளிர்ந்த ஆய்வறையில் ஒருமுறை எடுத்த அளவு அலையியற்றிக்கு நற்சான்று ஆகாது. உச்ச வெப்பம், அடி வெப்பம், கூடிய மின்னழுத்தம், குறைந்த மின்னழுத்தம் ஆகிய எல்லாச் சேர்க்கைகளிலும் சோதித்து, அவற்றில் கிடைக்கும் மிக மோசமான நடுக்கத்தையே அதன் தரமாகக் கொள்ள வேண்டும். சித்திரை வெயிலிலும் மார்கழிக் குளிரிலும் ஒரே மாதிரி துடிக்கும் கடிகாரம் இருந்தால் மட்டுமே, விநாடிக்கு 10 சென்டிமீட்டர் மேலெழும் காற்றை ரேடார் நம்பத்தக்க விதத்தில் அளக்க முடியும்.