'சால்டர்' சொல்லில் ஒளிந்திருக்கும் 'எல்'

எலெக்ட்ரானிக்ஸ், எலெக்ட்ரிகல், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று எந்தப் பிரிவில் சேர்ந்திருந்தாலும் நம்மால் தப்பிக்க முடியாத ஆங்கில வினைச்சொல் ஒன்று உண்டு. அதுதான் நண்பர்களே, 'சால்டர்' பண்ணுவது! ரெக்கார்டு நோட்டில் எஸ், ஓ, எல், டி, இ, ஆர் என்று ஆறு எழுத்தையும் சரியாகப் போட்டுவிடுகிறோம். வாயைத் திறந்து சொல்லும்போதுதான் வம்பு.

அமெரிக்கக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்துப் பழகிய ஒரு மாணவன், செமினாரில் 'சாடரிங்' என்றான். அவ்வளவுதான்! "எல் எங்கடா போச்சு?" என்று பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. அதன் பிறகு அவன் பேச்சில் பாதி விழுங்கலாகவே போனது. சர்க்யூட்டில் எங்கே கோளாறு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவன், ஒரே ஒரு எழுத்துக்காக வாயடைத்து நின்றான்.

உண்மையில் அந்த 'எல்' எங்கே போச்சு? இல்லை, எங்கிருந்து வந்துச்சு? இரண்டாவதுதான் சரியான கேள்வி.

லத்தீன் மொழியில் 'சாலிடஸ்' என்றால் திடமானது, கெட்டியானது. அதிலிருந்து வந்த வினைச்சொல் 'சாலிடாரே', அதாவது திடமாக்குவது. இந்தச் சொல் பிரெஞ்சுக்குப் போனபோது நடுவிலிருந்த 'எல்' உருகி மறைந்துவிட்டது. இன்றைக்கும் பிரெஞ்சில் இந்த வினை 'சூடே'தான். (நம்ம ஊர் 'சூடு'க்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது, தற்செயல்!) ஆங்கிலேயர்கள் பிரெஞ்சிலிருந்து வாங்கிக்கொண்டதும் இந்த 'எல்' இல்லாத சொல்லைத்தான். பழைய ஆங்கிலக் கையெழுத்துப் பிரதிகளில் ஆளுக்கொரு ஸ்பெல்லிங். பெரும்பாலும் 'எல்' இருக்காது.

பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் படித்தவர்களுக்கு லத்தீன் மோகம் ஏறியது. "மூலச்சொல்லில் எல் இருக்கிறதே, நாம் ஏன் விட வேண்டும்?" என்று எடுத்துச் செருகினார்கள். எழுத்துக்கு வந்துவிட்ட பிறகு பிரிட்டனில் அதைப் பார்த்து வாசிக்க வாசிக்க உச்சரிப்பிலும் ஏறிக்கொண்டது. அமெரிக்காவில் பழைய, எல் இல்லாத உச்சரிப்பே நிலைத்துவிட்டது. ஆகவே 'சாடர்' என்பவன் எழுத்தை விழுங்கவில்லை. அவன் சொல்வதுதான் மூத்த உச்சரிப்பு! சிரித்தவர்கள் சொல்லும் 'சால்டர்' பிரிட்டிஷ் வழக்கு. நம் நாட்டில் படிந்தது அதுதான். இரண்டும் சரியே.

இதே கதைதான் நாம் தினமும் தேடும் 'ஃபால்ட்'டுக்கும். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதிலும் 'எல்' கிடையாது, பிறகு செருகியதுதான். 1755-ல் அகராதி வெளியிட்ட டாக்டர் ஜான்சன், பேச்சில் அந்த எல்லைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள் என்று குறித்திருக்கிறார். 'டவுட்' என்ற வினையிலும் இப்படித்தான் ஒரு 'பி'யைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆனால் அது இன்றுவரை எழுத்தோடு சரி, யார் வாயிலும் ஏறவில்லை. 'பவுடர்' என்ற சொல்லுக்கும் லத்தீன் மூலத்தில் எல் உண்டு. அதை மட்டும் ஏனோ யாரும் திரும்பக் கொண்டுவரவில்லை. நல்லவேளை, பிழைத்தோம்!

சரி, ஸ்பெல்லிங் இருக்கட்டும். பொருளுக்கு வருவோம். சால்டர் பண்ணும்போது நாம் ஈயத்தை உருக்குகிறோம். ஆனால் சொல்லின் வேர் உருக்குவதைச் சொல்லவில்லை, திடமாக்குவதைச் சொல்கிறது. நாம் தமிழில் 'பற்ற வைப்பது' என்கிறோம், அதற்கான பொருளைப் 'பற்றாசு' என்கிறோம். நமக்கு ஒட்டிக்கொள்வது முக்கியமாகப் பட்டிருக்கிறது, லத்தீன்காரனுக்குக் கெட்டிப்படுவது.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. மெட்டீரியல் சயின்ஸில் வெள்ளீயம், காரீயம் கலவைக்குப் படம் போடுகிறோமே, அதில் 'சாலிடஸ்' கோடு என்று ஒன்று வருகிறதல்லவா? அதே லத்தீன் சொல்! 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தால் 183 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகும், சட்டென்று உறையும். 60/40 கலவை அப்படியில்லை. 190 டிகிரி வாக்கில் உறைய ஆரம்பித்து, 183-க்கு வந்த பிறகுதான் முழுத் திடமாகிறது. இடைப்பட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் அது கூழ் மாதிரி இருக்கும். அப்போது கை நடுங்கி ரெசிஸ்டரின் கால் அசைந்தால் இணைப்பு மங்கிப்போய், உள்ளே விரிசலோடு நிற்கும். கண்ணுக்கு ஒட்டியது போலத் தெரியும், கரண்ட் சில நேரம் போகும், சில நேரம் போகாது. எக்ஸ்டர்னல் வந்து நிற்கும்போது கட்டாயம் போகாது! பிட்டை எடுத்தவுடன் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்குத்தான் இந்தக் கதி. சொல்லின்படி பார்த்தால் அப்போதுதான் சால்டரிங்கே நடக்கிறது.

'வெல்ட்' வேறு குடும்பம். கொதிப்பது, பொங்குவது என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. சால்டரிங்கில் இணைக்கப்படும் உலோகம் உருகுவதில்லை, ஆர்க் வெல்டிங்கில் அதுவே உருகிப் பொங்குகிறது. பெயர்ப் பொருத்தம் பாருங்கள்!

'சாலிடஸ்' குடும்பத்தில் இன்னொரு உறவினர், நம்பவே மாட்டீர்கள், 'சோல்ஜர்'. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வெளியிட்ட தங்க நாணயத்துக்குப் பெயர் சாலிடஸ். கலப்படமில்லாத 'கெட்டி'க் காசு. அந்தப் பெயரிலிருந்து பிரெஞ்சில் கூலிக்கு ஒரு சொல் பிறக்க, கூலி வாங்கிப் போரிடுகிறவன் சோல்ஜர் ஆனான்.

பிரிட்டனில் 1971 வரை புழங்கிய பழைய பணக் கணக்கில் ஷில்லிங்குக்கு 'எஸ்' என்று போட்டதும் இந்தச் சாலிடஸின் முதலெழுத்துதான். அந்த எஸ்ஸை நீட்டி நீட்டி எழுதி, கடைசியில் அது ஒரு சாய்ந்த கோடாகவே ஆகிவிட்டது. சால்டர் சுருளின் மேல் 60/40 என்று அச்சிட்டிருக்கிறதே, நடுவில் இருக்கும் அந்தச் சாய்கோட்டுக்கு அச்சுத்துறையில் பெயர், சாலிடஸ்!