நீரடிச் சிலேட்டில் எஞ்சும் பென்சில் தடம்

கடலடியில் பவளத்திட்டுகளை ஆராய்வோர் சாதாரணக் காகிதத்தையும் பேனாவையும் நம்ப இயலாது. காகிதம் ஊறிக் கிழியும். மை கரைந்து பரவும். ஆகவே, வெண்ணிறப் பிளாஸ்டிக் சிலேட்டு ஒன்றையும், அதனுடன் கயிற்றால் பிணைத்த பென்சிலையும் அவர்கள் கொண்டு செல்கின்றனர். மீன்களின் எண்ணிக்கை, பவளத்தின் நிலை, ஆழம், நேரம் ஆகியவை யாவும் அதில் குறிக்கப்படுகின்றன. லட்சத்தீவுகளில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் மிகுதியாக வெப்பமுற்றதால் பவளங்கள் வெளுத்தன. இத்தகைய மாறுதல்களை ஆண்டுதோறும் ஒப்பிட்டறிய, நீருக்கடியில் எடுக்கும் குறிப்புகள் பெரிதும் உதவுகின்றன.

சிலேட்டு மீண்டும் மீண்டும் பயன்படுவது. எனவே, அதனைச் செவ்வையாகத் துடைத்தல் சிறு வேலையன்று. நேற்று இட்ட கோடுகளில் இரண்டு மங்கலாக எஞ்சியுள்ளன என்று கொள்வோம். இன்று 5 மீன்களுக்கு 5 கோடுகள் இட்டவர், கரையேறியபின் 7 என எண்ணிவிடக்கூடும். பேரேட்டில் ஏறிவிட்ட அப்பிழையைப் பின்னர் எவராலும் கண்டறிய இயலாது.

பள்ளிச் சிலேட்டை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். பிளாஸ்டிக் சிலேட்டு அவ்வாறு தூய்மையாகாதது ஏன்? பென்சிலினுள் இருப்பது, களிமண்ணுடன் கலந்து சுடப்பட்ட கிராபைட் ஆகும். அதன் மெல்லிய ஏடுகள் ஒன்றன்மீதொன்று வழுக்கிப் பிரிந்து, தகட்டின் நுண்ணிய பள்ளங்களில் படிகின்றன. கிராபைட் நீரிலும் கரையாது. சோப்பு நீரிலும் சாராயத்திலும் கரையாது. கடலடியில் எழுத்து நிலைப்பதற்கும், கரையில் அது அழிய மறுப்பதற்கும் காரணம் ஒன்றே. எனவே, கரைத்தல் பயன்படாது. தேய்த்தே அகற்றல் வேண்டும்.

முதலாவதாக, சிலேட்டிலுள்ள குறிப்புகள் அனைத்தையும் குறிப்பேட்டில் படியெடுத்துச் சரிபார்க்க வேண்டும், புகைப்படமும் எடுத்துக்கொள்ளலாம். பின்னர் நன்னீரால் உப்பையும் மணலையும் போக்குதல் அவசியம். மணலோடு தேய்த்தால் தகட்டில் கீறல்கள் விழும். உலர்ந்தபின் மெல்லிய இரப்பரால் அழிக்கலாம். அதன்பின்னும் தடம் எஞ்சினால், பாத்திரம் துலக்கும் நுண்பொடி அல்லது பற்பசையில் சிறிதளவை ஈரத்துணியில் எடுத்து, வட்டமாக மென்மையாகத் தேய்த்துக் கழுவுக. இவ்வேலையைக் கரையிலேயே செய்க. பொடி கலந்த நீரைப் பவளத்திட்டின்மேல் ஊற்றலாகாது. அசிட்டோன், தின்னர் போன்றவற்றை அறவே விலக்குக. அவை கிராபைட்டைக் கரைப்பதில்லை. பலவகைப் பிளாஸ்டிக்குகளையே கெடுத்துவிடும்.

அளவு மீறித் தேய்த்தலும் தீங்கே. எழுத்தைப் பற்றிக்கொள்வது எந்தச் சொரசொரப்போ, அதுவே எழுத்தை அழியவொட்டாமலும் தடுக்கின்றது. தகடு பளபளப்பானால் பென்சில் வழுக்கும். ஆழக் கீறப்பட்டால் கரி உள்ளே தங்கிவிடும். பளபளப்பான தகட்டை, ஈரத்திலும் பயன்படும் நுண்ணிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துச் சீராக்கலாம். களிமண் மிகுந்த கடினமான பென்சில் தகட்டைக் கீறும். மிக மென்மையானது எளிதில் கலையும். பெரும்பாலான வேலைகளுக்கு எச்.பி. அல்லது 2பி வகை பொருத்தமானது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலும் காட்டலாம். வெண்ணிறப் பிளாஸ்டிக் துண்டொன்றின் ஒரு பாதியை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, இரு பாதிகளிலும் பென்சிலால் எழுதி, நீரில் அமிழ்த்துக் காட்டுக. எப்பாதியில் எழுத்து தெளிவாக விழுகின்றது, எப்பாதியில் எளிதில் அழிகின்றது என்பதை மாணவர்கள் தாமே கண்டு கூறட்டும்.

களப்பணியாளர் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. சரியாக அழிக்கப்படாத தடத்தை மீண்டும் அழிக்கலாம். படியெடுக்குமுன் அழிக்கப்பட்ட குறிப்பை மீட்க இயலாது. அன்று அக்கடலடியில் கண்டதைக் காண மற்றொரு நாள் வாய்க்காது. ஆதலின், துணியைக் கையிலெடுக்குமுன் குறிப்பேட்டைத் திறப்பதே முறையாகும்.