ஊர் மாறினால் வளையம் மாறுமா?

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் போயிருக்கிறீர்களா? ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் கடந்ததும் வருவது வேப்பம்பட்டு. ஒரு சனிக்கிழமைக் காலை அந்த நிலையத்தின் நடைமேடையில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அருகில் பன்னிரண்டு மாணவிகள். கூடவே அவர்களுடைய உடற்கல்வி ஆசிரியை. ஒருத்தியின் தோளில் தொங்கும் வலைப்பையில் ஐந்து பந்துகள். ஒரு கல்லூரியின் மகளிர் கூடைப்பந்து அணி அது. பிற்பகலில் நகரத்துக் கல்லூரி ஒன்றின் உள்ளரங்கில் அவர்களுக்குப் போட்டி.

இந்த அணி நம் கற்பனைதான். ஆனால் அவர்கள் மனத்தில் உள்ள கேள்வி கற்பனையன்று. சொந்தக் களத்தில் பத்துக்கு எட்டு முறை பந்தை வளையத்துக்குள் போடும் ஒருத்தி, எதிரணியின் களத்தில் ஐந்து முறை போடவே திணறுகிறாள். கை அதே கை, பந்தும் பந்துதான். பின் எது மாறியது? இக்கேள்விக்கு விடை தெரிந்தால்தான் எப்படித் தயாராவது என்பதும் தெரியும். ஆகவே, மாறாதவை எவை, மாறுபவை எவை என்று பிரித்துப் பார்ப்போம்.

முதல் ஆட்டமே வெளியூர் ஆட்டம்

அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பீச் பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி இவ்விளையாட்டைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை இதைத் தம் மாணவிகளுக்குக் கற்பித்தார். 1896 ஏப்ரல் 4 அன்று ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் மகளிர் அணிகள் சான் பிரான்சிஸ்கோ நகரில் மோதின. இரு கல்லூரிகளின் மகளிர் அணிகள் சந்தித்த முதல் ஆட்டம் இதுவே. இரண்டு அணிகளும் தத்தம் ஊரை விட்டுத்தான் ஆட வந்திருந்தன. பார்வையாளராக ஆண்கள் அனுமதிக்கப்படவில்லை. முடிவு என்ன தெரியுமா? ஸ்டான்ஃபோர்டு 2, கலிஃபோர்னியா 1! ஆட்டம் முழுவதற்கும் மூன்றே புள்ளிகள். வளையத்துக்குள் பந்தைப் போடுவது அத்தனை எளிதன்று.

சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் உள்ள கல்லூரி அதுதான். கூடைப்பந்து போன்ற ஆட்டங்கள் நம் பள்ளி, கல்லூரிகளில் வேரூன்ற அங்குப் பயின்ற ஆசிரியர்கள் பெரிதும் உதவினர்.

மாறாதவை

வேப்பம்பட்டிலும் சரி, டோக்கியோவிலும் சரி, வளையத்தின் உயரம் 3.05 மீட்டர். அதன் உள்விட்டம் 45 செ.மீ. மகளிர் ஆடும் பந்தின் விட்டம் ஏறத்தாழ 23 செ.மீ. எதிரணியினர் தவறு செய்தால் தடையின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பை ஆட்டக்காரர்கள் 'ஃப்ரீ த்ரோ' என்பார்கள். தமிழில் தனி எறி எனலாம். அதற்கான கோட்டிலிருந்து வளையத்தின் மையம் கிடைமட்டத்தில் சுமார் 4.2 மீட்டர். புவியீர்ப்பும் நம்முடன் கூடவே வருகிறது. ஆகவே, தனி எறியின் கணக்கு எந்த ஊரிலும் ஒன்றே.

அந்தக் கணக்கைப் பார்ப்போமா? 45 பாகைக் கோணத்தில் எறிந்தால் பொருள் மிகத் தொலைவு செல்லும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அப்படியானால் தனி எறிக்கும் 45 பாகைதானே சிறந்தது? அவசரப்படாதீர்கள்! பாடத்தில் பொருள் புறப்பட்ட மட்டத்திலேயே வந்து விழுகிறது. இங்கோ பந்து கையை விட்டுப் புறப்படும் உயரம் சுமார் 2 மீட்டர். சேர வேண்டிய உயரம் 3.05 மீட்டர்.

உங்கள் அக்காவின் வளையல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நேர் மேலிருந்து பார்த்தால் அது முழு வட்டம். கண்ணைத் தாழ்த்திக்கொண்டே வாருங்கள். வட்டம் நசுங்கி நீள்வட்டமாகும். இறுதியில் வெறும் கோடாகிவிடும். சாய்வாக வரும் பந்துக்கும் வளையம் அப்படித்தான் 'தெரிகிறது'. 45 செ.மீ.யை, பந்து இறங்கும் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் பந்துக்குக் கிடைக்கும் திறப்பின் அகலம் வரும். அது 23 செ.மீ.க்குக் குறைந்தால் பந்து வளையத்தில் இடிக்காமல் நுழைய முடியாது. அதாவது, பந்து குறைந்தது 31 பாகைச் சாய்விலாவது இறங்க வேண்டும்.

இனி மேற்சொன்ன அளவுகளுக்குக் கணக்கிட்ட விடைகளைப் பாருங்கள். 45 பாகையில் எறிந்த பந்து 27 பாகையில்தான் இறங்கும். திறப்பு 20 செ.மீ. மட்டுமே, பந்து இடிக்கும். 52 பாகையில் எறிந்தால் 38 பாகையில் இறங்கும். திறப்பு 28 செ.மீ. வளையத்தை எட்ட மிகக் குறைந்த வேகம் போதுமான கோணம் இதுதான், வினாடிக்கு 7.3 மீட்டர். 60 பாகையில் எறிந்தால் திறப்பு 35 செ.மீ. ஆகிறது. வேகமோ 7.5 மீட்டர்தான். மிகச் சிறிது கூடுதல் முயற்சிக்கு நல்ல பலன் அல்லவா? அப்படியானால் 75 பாகையில் எறியலாமே என்பீர்கள். திறப்பு 43 செ.மீ. கிடைக்கும், ஆனால் வேகம் 9.4 மீட்டர் வேண்டும். 52 பாகைக்குத் தேவைப்படும் ஆற்றலைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் இது. கை விரைவில் களைத்துவிடும், குறியும் தவறும்.

"பந்தை உயரத் தூக்கிப் போடு" என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

மாறுபவை

நம் அணி பழகியது திறந்தவெளிச் சிமெண்டுத் தரையில். போட்டியோ உள்ளரங்கின் மரத்தளத்தில். பந்து எழும்பும் விதம் வேறுபடலாம். இதை அளக்க எளிய வழி உண்டு. பந்தின் அடிப்பக்கம் 180 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி பிடித்துக் கீழே விடுங்கள். நல்ல பந்தின் அடிப்பக்கம் ஏறத்தாழ 105 செ.மீ. வரை எழும்பும். 105ஐ 180ஆல் வகுத்தால் 0.58. அதாவது, ஒவ்வொரு மோதலிலும் 58 விழுக்காடு ஆற்றல் திரும்பி வருகிறது; மீதி ஒலியாகவும் வெப்பமாகவும் போய்விடுகிறது. மரத்தளத்தில் பலகைக்கு அடியில் தாங்கல் சரியில்லாத இடங்களில் பந்து மந்தமாக எழும்பும். அமெரிக்காவில் 1995இல் மூடப்பட்ட பாஸ்டன் கார்டன் அரங்கத்தில் அத்தகைய 'செத்த' இடங்கள் உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் அத்துப்படி என்ற பேச்சு நெடுங்காலம் இருந்தது.

பந்தினுள் இருக்கும் காற்றையும் மறக்கக் கூடாது. 27 பாகை செல்சியசில் பந்தினுள் அழுத்தம் வெளிக்காற்றைவிட 0.55 வளிமண்டல அளவு கூடுதல் என்று கொள்வோம். மொத்த அழுத்தம் 1.55. அதே பந்து வெயிலில் கிடந்து 42 பாகைக்குச் சூடேறினால், தனிவெப்பநிலை 300 கெல்வினிலிருந்து 315 ஆகிறது. 5 விழுக்காடு உயர்வு. மொத்த அழுத்தமும் அதே விகிதத்தில் 1.63 ஆகும். வெளிக்காற்றைவிட மிகுந்த அழுத்தம் 0.55இலிருந்து 0.63 ஆகிவிடுகிறது. ஏழில் ஒரு பங்கு உயர்வு! நண்பகல் வெயிலில் விறைப்பான பந்தில் பழகிய கைக்கு, குளிர்ந்த அரங்கின் பந்து தளர்ந்ததாகப் படுவதில் வியப்பில்லை. எனவே அரங்கை அடைந்ததும் நம் மாணவிகள் செய்ய வேண்டிய முதல் வேலை, தளம் முழுவதும் பந்தைத் தட்டிக்கொண்டே நடந்து பார்ப்பது.

உடலும் மாறுகிறது. ஒரு மணி நேர ரயில் பயணத்துக்குப் பின் தசைகள் தணிந்திருக்கும். மெல்ல ஓடி, குதித்து உடலைச் சூடேற்றினால் தசைகள் விரைந்து சுருங்கி விரியும். வியர்வையால் உடல் எடையில் 2 விழுக்காடு குறைந்தாலே ஆட்டம் தளரக்கூடும். 50 கிலோ எடையுள்ள மாணவிக்கு அது 1 கிலோ. அதாவது ஒரு லிட்டர் நீர். வெளியூரில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற தயக்கத்தால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வரும் மாணவிகள் உண்டு. போட்டி தொடங்கும் முன்பே அவர்கள் பாதி தோற்றுவிடுகிறார்கள். அழைக்கும் கல்லூரி தூய கழிப்பறையை ஏற்பாடு செய்வதும் விளையாட்டு ஏற்பாட்டில் ஒரு பகுதியே.

இன்னொன்று. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்த சோகை உள்ளது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் தசைகளுக்குப் போதிய ஆக்சிஜன் செல்லாது. ஒருத்தி சீக்கிரம் மூச்சு வாங்கினால் அவளைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள் இவற்றுடன், தேவைப்பட்டால் மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் உதவும்.

கூட்டத்தின் குரல்

சொந்தக் களத்தில் ஆடும் அணிக்கு வெற்றி வாய்ப்பு கூடுதல் என்பது வெறும் நம்பிக்கையா? 1977இல் பாரி ஷ்வார்ட்ஸ், ஸ்டீபன் பார்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பல விளையாட்டுகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தனர். அந்தச் சாதகம் உண்மை என்றும், உள்ளரங்க ஆட்டங்களில் அது மிகுதி என்றும் கண்டனர். பயணக் களைப்பைவிடக் கூட்டத்தின் ஆதரவே முக்கியக் காரணம் என்பது அவர்கள் முடிவு. 2020இல் கொரோனாத் தொற்றினால் ஜெர்மனியின் கால்பந்து அரங்குகள் வெறுமையாகக் கிடந்தபோது, சொந்தக் களத்து அணிகளின் வெற்றி விகிதம் குறைந்ததும் இதற்குச் சான்றாக அமைந்தது.

எனவே அமைதியான மைதானத்தில் மட்டும் பழகியவள் ஆரவாரத்துக்குப் பழகியவள் ஆகமாட்டாள். பயிற்சியின்போதே தோழியரைச் சுற்றி நிறுத்திக் கூச்சலிடச் சொல்லலாம்!

எப்படிப் பழகுவது?

1978இல் ராபர்ட் கெர், பெர்னார்ட் பூத் என்னும் இருவர் எட்டு வயதுச் சிறுவர் சிறுமியரிடம் ஒரு சோதனை நடத்தினர். சிறு பைகளை இலக்கை நோக்கி எறிவதுதான் ஆட்டம். ஒரு குழு 3 அடித் தொலைவிலிருந்தே எறிந்து பழகியது. மற்றொரு குழு 2 அடியிலும் 4 அடியிலும் மாறி மாறிப் பழகியது. 3 அடியில் எறியவே இல்லை. முடிவில் இரு குழுவுக்கும் 3 அடியில் தேர்வு. வென்றது யார்? மாறி மாறிப் பழகிய குழு! ஓரிடத்தில் நின்று பழகியவர்கள் ஓர் எறியைக் கற்றனர். மற்றவர்கள் தொலைவுக்கு ஏற்ப விசையை மாற்றும் விதியையே கற்றுவிட்டனர்.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. 2005இல் வெளியான ஓர் ஆய்வு தேர்ந்த கூடைப்பந்து ஆட்டக்காரர்களைப் பல தொலைவுகளிலிருந்து எறியச் சொன்னது. தொலைவு கூடக் கூடக் குறி குறைந்துகொண்டே வந்தது. தனி எறிக் கோட்டில் மட்டும், எதிர்பார்த்ததைவிட அவர்கள் சிறப்பாக எறிந்தனர். ஆயிரக்கணக்கான முறை அதே கோட்டில் நின்று எறிந்ததன் பயன் அது.

இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கின்றனவா? இல்லை. நாம் முதலில் பிரித்த பிரிவினையை நினைவுகூருங்கள். தனி எறிக் கோடும் வளையமும் எங்கும் மாறாதவை. அங்கே அதே எறியை நூறு முறை, ஆயிரம் முறை பழக வேண்டும். தரை, பந்தின் விறைப்பு, ஒளி, ஓசை, எதிராளி நிற்கும் இடம் எல்லாம் மாறுபவை. அவற்றை மாற்றி மாற்றித்தான் பழக வேண்டும். ஒரு நாள் காற்றுக் குறைந்த பந்தில், ஒரு நாள் காலை ஒளியில், ஒரு நாள் அந்தி மங்கலில், முடிந்தால் மாதம் ஒரு முறை பக்கத்துப் பள்ளிக் களத்தில்.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசிய மகளிர் கூடைப்பந்துப் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடியவர். இந்திய அணியின் தலைவியாகவும் விளங்கினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அந்தப் போட்டிகளில் 2009இல் சென்னையிலும் 2017இல் பெங்களூரிலும் நடந்தவை தவிர, மற்றவையெல்லாம் அயல்நாடுகளில் நடந்தவை. தேசிய அணிக்கு வந்துவிட்டால் பெரும்பாலான ஆட்டங்கள் வெளியூர் ஆட்டங்களே!

இனி உங்கள் முறை. பள்ளிக் கூடைப்பந்து ஒன்றைக் கேட்டு வாங்கி, சுவரில் 180 செ.மீ. உயரத்தில் சுண்ணாம்புக் கோடிட்டு, சிமெண்டுத் தரை, மண் தரை, வகுப்பறைத் தரை மூன்றிலும் பந்தை விட்டு எழும்பும் உயரத்தைக் குறியுங்கள். காலை 7 மணிக்கு ஒரு முறை, வெயிலில் அரை மணி வைத்தபின் ஒரு முறை. அட்டவணையை உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் காட்டுங்கள். உங்கள் பள்ளி அணி அடுத்து வெளியூர் புறப்படும்போது, பந்துகளுடன் ஓர் அளவு நாடாவும் பையில் ஏறட்டும்.