தார்ப் பாலையில் மழைநீர் தரைக்கடியில் சேமிக்கப்படுவது ஏன்?

ராஜஸ்தானின் ஜெய்சால்மர், பார்மர் பகுதிகளில் ஆண்டு மழை சுமார் 200 முதல் 300 மி.மீ. வரைதான். அதிலும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் பெய்து ஓய்ந்துவிடும். நிலத்தடி நீரோ பல ஊர்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. திறந்த குளத்தில் தேக்கினால் வெயிலும் வறண்ட காற்றும் குடித்துவிடும். அங்கே ஓராண்டில் ஆவியாகக்கூடிய நீரின் அளவு மழையைப்போல் பல மடங்கு. அதனால்தான் குடிநீருக்கென்று 'டாங்கா' எனப்படும் மூடிய நிலத்தடித் தொட்டி.

தொட்டி பெரும்பாலும் வட்டமாக இருக்கும். சுற்றிலும் உள்ள மண்ணின் அழுத்தம் சுவரெங்கும் சீராகப் பரவுவதால் எளிதில் விரிசல் விடாது. உட்புறம் நீர் கசியாதபடி சுண்ணாம்பு அல்லது சிமென்ட் பூச்சு.

டாங்காவுக்கு உயிர்நாடி அதைச் சுற்றியுள்ள 'ஆகோர்' என்ற நீர்ப்பிடிப்புத் தரை. மண்ணை இறுகத் தட்டி, தொட்டியை நோக்கிச் சரிவாக அமைக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர். ஆக, 500 சதுர மீட்டர் ஆகோரில் ஓராண்டில் 200 மி.மீ. பெய்தால் 1 லட்சம் லிட்டர். மண் உறிஞ்சியது போகக் கால்வாசி வந்து சேர்ந்தாலும் 25,000 லிட்டர் தேறும். மழைக்காலம் தொடங்குமுன் ஆகோரைப் பெருக்கி, ஆடுமாடு நுழையாமல் முள்வேலி போடுகிறார்கள். நீர் நுழையும் துளைகளில் கம்பிவலை. குப்பையும் பாம்பும் அதோடு நின்றுவிடும்.